ரெய்டு என்பது ஈடுகட்டும் வட்டணி

ரெய்டு என்று கேட்டதும் நம் ஊரில் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது விடிகாலையில் வாசலில் வந்து நிற்கும் வருமான வரிக்காரர்களின் கார்தான். அடுத்தது கபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரணிப் பக்கம் பாடிப் போவது. இரண்டும் ஒரே சொல்தான், குதிரையேறிப் போவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம் அது, சாலையைச் சொல்லும் ரோடு அதற்கு உடன்பிறப்பு. ஆனால் வீட்டுக் கணினியில் நாலு ஹார்ட் டிஸ்க்கை மாட்டி "ரெய்டு போட்டிருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த ரெய்டுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது ஆர், ஏ, ஐ, டி என்று நாலு முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த சொல். விரித்தால் ரிடண்டன்ட் அரே ஆஃப் இன்எக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ்.

பிறந்த இடம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூன்று பேர் 1987-ல் அறிக்கையாக எழுதி 1988-ல் மாநாட்டுக் கட்டுரையாகக் கொடுத்தார்கள். வட்டுகளைச் சேர்த்து வைத்து ஒன்று போனால் மற்றதிலிருந்து மீட்கலாம் என்ற எண்ணம் அதற்கு முன்பே இருந்தது, ஐபிஎம்மில் கென் ஓச்சி என்பவருக்கு 1978-லேயே இதுபோன்ற ஒன்றுக்குக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. பெர்க்லிக்காரர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், கணக்கும் போட்டுக் காட்டினார்கள்.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் சொல் புரியாது. அன்றைக்குப் பெரிய நிறுவனங்களில் இருந்த ஐபிஎம் 3380 என்ற வட்டு 7,500 மெகாபைட் பிடிக்கும், விலையும் பெரியது, உருவமும் பெரியது. தனியாள் கணினிக்கு வந்த கான்னர் நிறுவனத்தின் சின்ன வட்டு 100 மெகாபைட். சரி, 75 சின்ன வட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் அதே கொள்ளளவு வந்துவிடும், எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் வேகமும் கூடும். சிக்கல் எங்கே என்றால், ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் தாங்கும் என்றால் நூறு வட்டுகளை ஒன்றாகக் கட்டிய இடத்தில் 300 மணி நேரத்துக்கு ஒன்று போய்க்கொண்டே இருக்கும், அதாவது இரண்டு வாரம்கூட ஆகாது. ஒன்று போனாலும் மொத்தமும் போச்சு. அதனால்தான், ஒன்று போனாலும் சமாளிக்கும்படி சேர்த்து வைப்பதைச் சொல்லும் ரிடண்டன்ட் முதல் எழுத்தாக வந்து நின்றது. அந்தச் சொல் இல்லாமல் மற்ற மூன்றுக்கும் பயனில்லை.

மூன்றாவது எழுத்தான ஐ பிறகு பொருள் மாறிவிட்டது. முதலில் 'மலிவான' என்று இருந்ததைத் தயாரிப்பாளர்கள் 'தனித்தனியான' என்று ஆக்கிவிட்டார்கள், விலை கூடின பெட்டியின் மேல் மலிவு என்று எழுதி விற்பது கஷ்டம் என்பதுதான் காரணம் என்பார்கள். எனக்கு முதல் சொல்லே பிடிக்கும். ஒன்றையொன்று நம்பி நிற்கும் வட்டுகளைத் தனித்தனி என்று சொல்வது எப்படிச் சரியாகும்? வீட்டில் நாம் செய்வதும் கைக்கு எட்டுகிற விலையில் நாலு வட்டு வாங்கி மாட்டுவதுதானே.

இனி தமிழுக்கு வருவோம். டிஸ்க்குக்கு வட்டு, இதில் தகராறே இல்லை. வன்வட்டு, வன்தட்டு, நிலைவட்டு என்று ஆளுக்கொன்று எழுதினாலும் வட்டு என்ற வேர் பழையது, திருக்குறளில் அரங்கு இழைக்காமல் வட்டாடுவது என்று வருகிறதே, அந்த வட்டு. தெற்கே கருப்பட்டியையும் வட்டுக் கணக்கில்தான் வாங்குகிறோம்.

அரே என்பதற்கு அணி. இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, ஒழுங்குபடுத்துவது என்று பொருள், படையைப் போருக்கு வரிசைப்படுத்தி நிறுத்துவதற்குச் சொன்னார்கள், அப்புறம் நல்ல உடை உடுத்தி அலங்கரிப்பதற்கும் சொன்னார்கள். தமிழில் அணி என்றால் வரிசை, படைவகுப்பு, நகை, அலங்காரம் எல்லாம்தான். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் படையையும் நகையையும் ஒரே சொல்லில் வைத்திருக்கின்றன. பள்ளிக் கணினிப் பாடத்திலும் அரேக்கு அணி என்றே இருக்கிறது. ஆக வட்டு, அணி இரண்டும் சேர்ந்தால் வட்டணி. 'ரெய்டு அரே' என்று சொல்பவர்கள் அணியை இரண்டு தடவை சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள், கேட்டுவாசல் என்கிற மாதிரி.

கஷ்டமெல்லாம் ரிடண்டன்ட் என்ற சொல்லில்தான். லத்தீனில் அலை என்று பொருள்படும் உண்டா என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது, ததும்பி வழிவது என்று அர்த்தம். வழிந்தது தேவைக்கு மேற்பட்டது, மேற்பட்டது வேண்டாதது என்று பொருள் இறங்கிக்கொண்டே வந்து, பிரிட்டனில் ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதற்கும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். நாம் அகராதியைப் பிரித்து மிகையான, தேவையற்ற என்று எடுத்து வைத்துக்கொள்கிறோம். தரவுத்தளப் பாடத்தில் மிகைமை என்றால் குறைக்க வேண்டிய குற்றம், அங்கே சரி. வட்டணியில் அப்படி எழுதினால் படிப்பவர், 'மிகையாக ஒரு வட்டு இருக்கிறதே, அதைக் கழற்றி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்' என்றுதான் நினைப்பார். பொறியியலில் ரிடண்டன்ட் என்றால் ஒன்று விழுந்தாலும் வேலை நிற்காதபடி முன்கூட்டியே சேர்த்து வைத்திருப்பது.

அதற்குத் தமிழில் ஈடு என்ற சொல் தயாராக இருக்கிறது. இழப்பீடு, ஈடு இணை, ஈடுகொடுப்பது, நகையை ஈடு வைப்பது என்று தினமும் புழங்குகிற சொல். கல்யாணச் சமையலுக்கு வர வேண்டிய நாலு பேரில் ஒருவர் வரவில்லை என்றால் மற்ற மூன்று பேரும் இழுத்துப் போட்டுச் செய்து ஈடுகட்டிவிடுவார்கள், பந்தி கொஞ்சம் மெதுவாக நகரும், ஆனால் நிற்காது. வட்டணி செய்வது அச்சு அசலாக இதைத்தான், மெதுவாவது உட்பட. அதனால் நான் ஈடுகட்டும் வட்டணி என்று எழுதுகிறேன், அடிக்கடி வரும் இடத்தில் வட்டணி என்று சுருக்கிக்கொள்கிறேன். ஈட்டு வட்டணி என்று இன்னும் குறைக்கலாம்தான், ஆனால் பணம் ஈட்டுவது குறுக்கே வந்து குழப்புகிறது.

எப்படி ஈடுகட்டுகிறது? அதற்குப் பல முறைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்தான் பெயர். எளிய வழி இணைப்படி, எழுதுவதையெல்லாம் இரண்டு வட்டிலும் எழுதுவது, அதுதான் ரெய்டு ஒன்று. ரெய்டு ஐந்தில் வருவது பாரிட்டி, அதற்கு நம் ஒத்தையா ரெட்டையா விளையாட்டே விளக்கம். மூன்று பேர் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொரு கையிலும் ஒரு புளியங்கொட்டை இருக்கும் அல்லது வெறுங்கை. நாலாவது ஆள் மொத்தம் ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறார். இப்போது நடுவில் இருப்பவர் எழுந்து போய்விட்டார். மற்ற இரண்டு கையையும் திறந்து பார்த்தால் ஆளுக்கு ஒரு கொட்டை, குறிப்பில் 'இரட்டை' என்று இருக்கிறது. அப்படியானால் போனவர் கை வெறுங்கை. குறிப்பில் 'ஒற்றை' என்று இருந்தால் அவர் கையில் ஒரு கொட்டை இருந்திருக்கும். இவ்வளவுதான், ஒன்று பூஜ்யம் என்று கோடிக்கணக்கான கொட்டைகளுக்கு இதையே கணினி செய்கிறது. ஒரு திருத்தம், ரெய்டு ஐந்தில் குறிப்பு எழுதும் வேலை ஒரே வட்டின் தலையில் விழாது, முறை வைத்து மாறி மாறிப் போகும். பாரிட்டியைச் சமநிலை என்று எழுதுவதைவிட ஒற்றையிரட்டைக் குறி என்று எழுதினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

ரெய்டு பூஜ்யம் என்று ஒன்று உண்டு, தரவைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து எல்லா வட்டிலும் பரப்புவதோடு சரி. அதில் ஈடு எதுவும் கிடையாது, ஒன்று போனால் எல்லாம் போகும். அதை வட்டணி என்று சொல்லலாம், ஈடுகட்டும் வட்டணி என்று சொல்ல முடியாது. தமிழ்ப் பெயரிலேயே இந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

வீட்டில் என்னிடம் இருப்பது 4 டெராபைட் வட்டுகள் நாலு. வெறும் கீற்றாகப் பரப்பினால் 16 கிடைக்கும், ரெய்டு ஐந்தில் 12, இரண்டு வட்டு போனாலும் தாங்கும் ரெய்டு ஆறில் 8. லினக்ஸ் இயங்குதளத்தில் எம்டிஆட்ம் என்ற நிரலை வைத்து ஐந்தாவது முறையில் கட்டினேன். தாய்ப்பலகையோடு வரும் ரெய்டு வசதியைத் தொடவில்லை, பலகை போனால் அதே வகைப் பலகையைத் தேடி அலைய வேண்டிவரலாம். வாங்கும்போது எஸ்எம்ஆர் வகை வட்டா என்று கட்டாயம் கேளுங்கள், அதில் தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி எழுதுவார்கள், வட்டணியை மறுபடி கட்டும்போது திணறும். ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணையும் தாளில் எழுதி வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள், பிறகு எது போனது என்று தெரியாமல் நல்லதைக் கழற்றிவிடக் கூடாது.

இன்னொரு சொல்லையும் இங்கே பிரித்துவிட வேண்டும். இரண்டு வட்டு இணைப்படியாக வைத்திருந்த காலத்தில், "ரெய்டுதான் இருக்கே, அப்புறம் எதுக்கு பேக்கப்?" என்று கடையில் ஒருவர் சொன்னதை நம்பினேன். ஒருநாள் இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டின் படங்கள் இருந்த கோப்புறையைத் தவறுதலாக அழித்துவிட்டேன். இரண்டு வட்டுமே சொன்னபடி அதே நொடியில் அழித்தன. திண்ணையில் பாட்டி முறத்தோடு உட்கார்ந்திருக்கும் படம் அதில்தான் இருந்தது, வேறு எங்கும் இல்லை. வட்டு போனால்தான் வட்டணி ஈடுகட்டும். கை தவறினால், கிருமிநிரல் புகுந்தால், திருட்டுப் போனால் காப்பது காப்புப்படி, அது வேறு வட்டில், முடிந்தால் வேறு வீட்டில் இருக்க வேண்டும். ஈடு வேறு, காப்பு வேறு.

போன கோடையில் நாலில் ஒரு வட்டு நின்றது. நிலவரம் கேட்டால் லினக்ஸ், ஓடுகிற வட்டுக்கு ஒரு 'யூ', இல்லாததற்கு ஓர் அடிக்கோடு போட்டுக் காட்டும். யூ, யூ, அடிக்கோடு, யூ என்று இருந்தது. ஒட்டி வைத்த எண்ணைப் பார்த்து மூன்றாவதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். நொடிக்கு 150 மெகாபைட் என்றாலும் 4 டெராபைட்டை நிரப்ப ஏழரை மணி நேரம் ஆகும், அந்த நேரத்தில் இன்னொன்று போனால் ஈடுகட்ட ஆளில்லை என்பதால் தூக்கம் வரவில்லை. நடுவில் மகள் பாட்டுக் கேட்டாள், திக்காமல் ஓடியது. விடியும்போது அடிக்கோடு இருந்த இடத்தில் யூ வந்திருந்தது.