மெட்டாடேட்டா: யார் தந்த தரவு?

மெட்டாடேட்டாவுக்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் 'தரவைப் பற்றிய தரவு' என்பது. சரிதான், ஆனால் அதைக் கேட்டதும் யாருக்கும் எதுவும் விளங்கிவிடாது. செல்போனில் எடுத்த படம் தரவு. அதை எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்தக் கேமராவில் எடுத்தார்கள் என்று படக் கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் விவரம் மெட்டாடேட்டா. தொலைபேசியில் நீங்கள் பேசிய பேச்சு உள்ளடக்கம். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது மெட்டாடேட்டா. பில் போடுவதற்காகத் தொலைபேசி நிறுவனங்கள் காலங்காலமாகக் குறித்துவந்த சங்கதிதான். கணினிக்காரர்களும் நூலகர்களும் மட்டும் புழங்கிய இந்தச் சொல், 2013இல் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் இரவு பகலாக அடிபட்டது.

'மெட்டா' கிரேக்கச் சொல். 'பின்', 'அப்பால்' என்று பொருள். அரிஸ்டாட்டிலின் நூல்களைத் தொகுத்தவர்கள் இயற்பியலுக்குப் பின்னால் வைத்த நூல் மெட்டாபிசிக்ஸ் ஆனது. அப்புறம் 'ஒன்றுக்கு மேலே நின்று அதைப் பற்றியே பேசுவது' என்ற பொருளும் அந்த முன்னொட்டில் ஏறிக்கொண்டது. 'டேட்டா' லத்தீன், 'தரப்பட்டவை' என்று பொருள், ஒருமை 'டேட்டம்'. இரண்டையும் ஒட்டவைத்த மெட்டாடேட்டா 1960களின் இறுதியில் பிறந்தது. 1968இல் பிலிப் பேக்லி என்ற கணினி அறிஞர் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

நம் 'தரவு' என்ற சொல்லும் 'தா' என்ற வேரிலிருந்து வருவதுதான். கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர் உண்டு. யாப்பு படித்தவர்களுக்குத் தெரியும். ஆக லத்தீனிலும் தமிழிலும் தரவு என்றால் தரப்பட்டது. யார் தந்தது, யாருக்குத் தந்தது? அமெரிக்கச் சட்டத்தில் பெரிய சண்டையே இதன் மேல்தான் நடந்தது.

1976இல் பால்டிமோர் நகரில் ஒரு பெண்ணிடம் கொள்ளையடித்த ஆள், பிறகு அவருக்கே போன் செய்து மிரட்டிக்கொண்டிருந்தான். போலீஸ் கேட்டதும் தொலைபேசி நிறுவனம் தன் அலுவலகத்திலேயே, சந்தேகப்பட்டவரின் இணைப்பில் 'பென் ரெஜிஸ்டர்' ஒன்றைப் பொருத்தியது. தந்திக் காலத்துப் பெயர். சுழற்றும் எண்களைக் குறித்துக்கொள்ளும், பேச்சைக் கேட்காது. வாரண்ட் எதுவும் வாங்கவில்லை. ஸ்மித் எதிர் மேரிலாந்து என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் போலீஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எண்ணைச் சுழற்றும்போதே அதை நிறுவனத்துக்கு நீங்களாகவே தந்துவிட்டீர்கள், தந்த பிறகு அதில் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்பது வாதம். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், போன் இல்லாமல் வாழவே முடியாது என்ற நிலையில் இருப்பவர் 'தானாகத் தந்தார்' என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

ஒரே ஆள், ஒரே இணைப்பு, சில நாள் என்றிருந்த அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் பின்னால் ஒரு நாட்டின் அழைப்புகள் மொத்தமாக அள்ளப்பட்டன. அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமை தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து அழைப்பு விவரங்களைச் சேகரிக்கிறது என்று 2006 மே மாதமே யுஎஸ்ஏ டுடே நாளிதழ் எழுதியது. குவெஸ்ட் நிறுவனம் மட்டும் தர மறுத்தது என்பதும் அந்தச் செய்தியில் இருந்தது. ஒட்டுக்கேட்புக்கு உதவியதாக வழக்குகளில் சிக்கியிருந்த நிறுவனங்களுக்கு 2008இல் நாடாளுமன்றம் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது.

2013 ஜூன் 5 அன்று, முகமைக்காக ஒப்பந்த வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் தந்த ரகசிய ஆவணங்களில் முதலாவதை பிரிட்டிஷ் நாளிதழான கார்டியன் வெளியிட்டது. நீதிபதி ரோஜர் வின்சன் ஏப்ரல் 25 அன்று கையெழுத்திட்ட ரகசிய நீதிமன்ற உத்தரவு அது. வெரைசன் தொலைபேசி நிறுவனத்தின் வணிகப் பிரிவு ஜூலை 19 வரை தினந்தோறும் எல்லா அழைப்புகளின் 'டெலிபோனி மெட்டாடேட்டா'வையும் முகமையிடம் ஒப்படைக்க வேண்டும். உள்ளூர் அழைப்புகளும் இதில் சேர்த்தி. இப்படி ஓர் உத்தரவு வந்ததென்று நிறுவனம் வெளியே மூச்சுவிடக் கூடாது. அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், சிம் அட்டையின் அடையாள எண், கைபேசியின் அடையாள எண், பேசிய நேரம், கால அளவு எல்லாம் மெட்டாடேட்டா என்று உத்தரவே வரையறுக்கிறது. பேச்சின் உள்ளடக்கமும் வாடிக்கையாளரின் பெயர், முகவரியும் அதில் சேராது. பெயர் சேராவிட்டால் என்ன, எண்ணைக் கையில் வைத்திருப்பவருக்குப் பெயர் கண்டுபிடிப்பதா கஷ்டம்?

செய்தி வெளியாகி இரண்டு நாள் கழித்து அதிபர் ஒபாமா, உங்கள் தொலைபேசிப் பேச்சை யாரும் கேட்கவில்லை என்றார். அது பொய்யில்லை, ஆனால் மக்கள் கேட்டது அதை அல்ல. அதே ஆண்டு மார்ச்சில் செனட்டர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தகவல் சேகரிக்கிறீர்களா என்று உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் நேருக்கு நேர் கேட்டிருந்தார். 'இல்லை' என்று அவர் சொன்ன காட்சி இப்போது திரும்பத் திரும்ப ஓடியது. மெட்டாடேட்டா என்ற, ஒன்றும் புரியாத சொல்லுக்குப் பின்னால் அரசு ஒளிந்துகொள்கிறது என்ற சந்தேகம் அப்போது வந்ததுதான்.

வெறும் எண்களில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்பவர்கள் மொய் நோட்டை நினைத்துப் பார்க்கலாம். பெயரும் தொகையும்தான் இருக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின் பத்து விசேஷ நோட்டுகளைப் புரட்டினால், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை சொல்லிவிடலாம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014இல் தன்னார்வலர்களின் அழைப்புகளை இப்படிப் புரட்டினார்கள். ஒருவர் மூன்று வாரத்துக்குள் வீட்டுச் சாமான் கடை, பூட்டுக்காரர், மண்ணில்லாமல் செடி வளர்க்கும் சாதனம் விற்பவர், கஞ்சா புகைக்கும் சாமான் விற்கும் கடை என வரிசையாகப் போன் செய்திருந்தார். அவர் என்ன பயிரிடப் பார்த்தார் என்பதைச் சொல்ல ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. முகமையின் முன்னாள் இயக்குநர் மைக்கேல் ஹேடன் அதே ஆண்டு, மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று மேடையிலேயே சொன்னார். வெளிநாட்டுத் தாக்குதல்களைத்தான் சொன்னார் என்றாலும், 'வெறும் மெட்டாடேட்டா' என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போனது.

இந்தத் திட்டத்தால் ஒரு பயங்கரவாத விசாரணையிலாவது உருப்படியான மாற்றம் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை என்று அரசின் சொந்தக் கண்காணிப்பு வாரியமே 2014 ஜனவரியில் எழுதியது. 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. அடுத்த மாதமே புதிய சட்டம் வந்து, அந்த ஆண்டு நவம்பரில் மொத்தமாக அள்ளுவது நின்றது. தகவல் நிறுவனங்களிடமே இருக்கும், அரசு குறிப்பிட்டுக் கேட்டு வாங்கும் என்று ஏற்பாடானது. அதிலும் 2017இல் 40 பேரைக் குறிவைத்துக் கேட்டதற்கு 53 கோடிக்கும் மேல் பதிவுகள் வந்து சேர்ந்தன. தனக்கு உரிமையில்லாதவையும் அதில் கலந்துவிட்டன என்று சொல்லி, 2015 முதல் சேர்த்த எல்லாவற்றையும் அழிப்பதாக முகமை 2018இல் அறிவித்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மீத்தரவு' நல்ல ஆக்கம். மீ என்றால் மேல். மீமிசை, மீயொலி, மீயுரை எல்லாம் இதே வழி. ஒரு சிக்கல், 'அளவு கடந்த' என்பதற்கும் மீ போடுகிறோம். அதனால் மீத்தரவு என்றால் ஏதோ பெரிய தரவு என்று நினைக்க இடமுண்டு. 'மேல்நிலைத் தரவு' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் ஊர்த் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது. 'அழைப்புப் பதிவு' இன்னும் ஆபத்து: குறிப்பேட்டில் எழுதுவதும் பதிவு, குரலைப் பிடித்து வைப்பதும் பதிவு. 2013 சர்ச்சையே இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே சொல் எழுதினால் குழப்பம்தான்.

போலீஸ் செய்தி எழுதும் நிருபர்கள் 'செல்போன் அழைப்பு விவரங்களை ஆய்வு செய்தனர்' என்று எழுதுகிறார்கள், படிப்பவருக்கும் உடனே புரிகிறது. தொலைபேசிக்கு அதுவே போதும்: அழைப்பு விவரம். குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எல்லாம் சேர்த்துச் சொல்வதென்றால் தொடர்பு விவரம். நூலகப் பட்டியல், படக் கோப்பு, மென்பொருள் என்று வரும்போது மீத்தரவு இருக்கட்டும். எதற்கும் 'ஒட்டுக்கேட்பு' என்று போட வேண்டாம். அது பேச்சைக் கேட்பதற்கு உரிய சொல்.