ராணுவத்தில் யார் யாரை எப்படி அழைப்பார்கள்?

அமெரிக்கத் தரைப்படையில் கர்னலுக்கு ஒரு படி கீழே இருக்கும் லெப்டினன்ட் கர்னலிடம் பேசும்போது 'கர்னல்' என்று மட்டும் சொன்னால் போதும். பிரிகேடியர் ஜெனரல் முதல் நான்கு நட்சத்திர ஜெனரல் வரை எல்லோரும் பேச்சில் 'ஜெனரல்'தான். அதே நாட்டு மரைன் படையிலோ ஸ்டாஃப் சார்ஜென்ட்டை வெறும் 'சார்ஜென்ட்' என்று கூப்பிடுவது தவறு, முழுப் பதவியும் வாயில் வரவேண்டும்.

படைக்குப் படை வழக்கம் மாறினாலும், அடியில் இயங்குவது ஒன்றுதான். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். கீழே இருப்பவர் 'சார்', 'மேடம்' என்பார், இல்லையென்றால் பதவியைச் சொல்வார். ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரு அறிஞர்கள் 1960-ல் ஐரோப்பிய மொழிகளின் 'நீ', 'நீங்கள்' பயன்பாட்டை ஆராய்ந்து, அதை இரண்டு விசைகள் தீர்மானிப்பதாகச் சொன்னார்கள்: அதிகாரம், நெருக்கம். மரியாதை ஒரு திசையில் மட்டும் போனால் அங்கே அதிகாரம் இருக்கிறது. ராணுவம் இந்த முதல் விசையை எழுதப்பட்ட விதியாகவே ஆக்கிவிட்டது. அதற்குக் காரணமும் இருக்கிறது. நேற்று வந்து சேர்ந்த அதிகாரியின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவர் இடும் கட்டளை இன்றே நடந்தாக வேண்டும். தோளில் இருக்கும் பதவிச் சின்னம் போதும், உடனே பேசிவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, இந்த ஏணி வளைந்துகொடுக்கும் இடம். இந்தியத் தரைப்படையில் சுபேதாரின் பதவி லெப்டினன்ட்டுக்குக் கீழேதான். ஆனாலும் இருபது வருடங்களுக்கு மேல் படையில் கழித்த அவரை, பயிற்சி முடித்து வந்த இளம் லெப்டினன்ட் 'சாகிப்' என்றே அழைப்பார். பிரிட்டிஷ் படையில், அதிகாரி அல்லாத வீரர்களில் மூத்தவரான ரெஜிமென்டல் சார்ஜென்ட் மேஜரை அதிகாரிகள் 'மிஸ்டர்' சேர்த்துக் குடும்பப் பெயரால் அழைப்பார்கள், அவருக்குக் கீழே உள்ள வீரர்களோ 'சார்' என்பார்கள். கட்டளையிடும் உரிமை ஒருவரிடம், அனுபவம் இன்னொருவரிடம். இரண்டுக்கும் ஒரே உரையாடலில் இடம் கிடைத்துவிடுகிறது.

கடற்படையில் பொறுப்புதான் முன்னால் நிற்கும். கப்பலை நடத்துபவர், கேப்டன் பதவிக்குக் கீழே உள்ள லெப்டினன்ட் கமாண்டராகவே இருந்தாலும், அமெரிக்க, பிரிட்டிஷ் கப்பல்களில் அவர்தான் 'கேப்டன்'. அங்கே கேள்விக்குப் பதில் 'யெஸ்', கட்டளைக்குப் பதில் 'ஐ ஐ'. புரிந்தது, செய்கிறேன் என்ற இரண்டும் அதில் அடக்கம்.

அழைக்கும் முறையை மாற்றினால் அதிகாரமே ஆட்டம் காணும் என்பதை ரஷ்யா பார்த்திருக்கிறது. 1917 மார்ச்சில், புரட்சியின் நடுவே, தலைநகரின் தொழிலாளர், படைவீரர் மன்றமான பெட்ரோகிராட் சோவியத் தன் முதல் ஆணையை வெளியிட்டது. அதிகாரிகளை 'மாண்புமிகு' போன்ற அடைமொழிகளால் அழைக்கத் தேவையில்லை, 'திரு ஜெனரல்', 'திரு கர்னல்' என்றால் போதும் என்றது. அப்புறம் இன்னொன்றும் சொன்னது: வீரர்களை அதிகாரிகள் இனி ஒருமையில் பேசக் கூடாது. அந்த ஆண்டு முடிவதற்குள், ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக் கட்சியினர் படைப் பதவிகளையே ஒழித்தார்கள். 1935-ல் லெப்டினன்ட், கேப்டன், கர்னல் எல்லாம் திரும்பி வந்தன. 'தோழர்' என்ற சொல்லையும் விடவில்லை, பதவிக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். ரஷ்யப் படையில் இன்றைக்கும் 'தோழர் கர்னல்'தான்.