ஜனவரி 1-ல் பிறந்தவர்கள்

கலிஃபோர்னியாவின் சென்ட்ரல் வேலியில் குடியேற்றச் சட்ட வக்கீலாக இருக்கிறேன். என் அலமாரியில் இருக்கும் கம்போடிய, லாவோ கட்சிக்காரர்கள், லாவோஸ் மலைவாசிகளான ஹ்மோங் கட்சிக்காரர்கள் இவர்களின் கோப்புகளைப் புரட்டினால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். பலருக்கும் பிறந்தநாள் ஜனவரி 1.

தாய்லாந்து எல்லை அகதி முகாமில் படிவம் நிரப்பியவர் குழந்தையின் பிறந்த தேதியைக் கேட்டிருப்பார். அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் அது பிறைக்கணக்கில் இருந்திருக்கும். படிவம் நிரப்பியவர் உத்தேசமாக ஒரு வருஷத்தைப் போட்டு, முன்னால் ஜனவரி 1 என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். ஹெட்மாஸ்டர் வைத்த ஜூன் மாதப் பிறந்தநாளோடு ரிட்டயர் ஆன தாத்தா நம் வீடுகளிலும் உண்டு. தாத்தாவுக்கு அதனால் போனது ஒரு வருஷ சர்வீஸ். என் கட்சிக்காரர்களில் சிலருக்கு நாடு கடத்தல் உத்தரவு வந்து நாடே போகும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கெமர் மொழியில் மூத்தவர்களை 'போங்' என்பார்கள். அண்ணன், அக்கா இரண்டுக்கும் அதுதான். அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். கம்போடியாவை அவர் பார்த்ததே இல்லை. தாய்லாந்தின் காவ்-இ-டாங் முகாமில் பிறந்து, கைக்குழந்தையாகக் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனுக்கு வந்தவர். 1997-ல் நண்பர்களோடு திருட்டுக் காரில் போய் மாட்டினார். திருட்டுப் பொருளை வைத்திருந்ததாக வழக்கு. ஒப்புக்கொண்டால் கவுண்டி சிறையில் 365 நாள், நன்னடத்தையாக இருந்தால் எட்டு மாதத்தில் வீடு என்றார் அப்போதைய வக்கீல். கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தில் பிறந்த தேதி 1.1.1979. கைதானபோது வயது 18. ஆகவே பெரியவர்களுக்கான நீதிமன்றம். அம்மாவின் கணக்கில் அவர் பிறந்தது 1980 மழைக்காலம். அதாவது கைதானபோது பதினேழுகூட ஆகவில்லை. சிறார் நீதிமன்றத் தீர்ப்பைக் குடியேற்றச் சட்டம் தண்டனையாகவே எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, திருட்டு வழக்கில் ஒரு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால்தான் அது 'அக்ரவேட்டட் ஃபெலனி', அதாவது நாடு கடத்தலிலிருந்து தப்ப ஏறக்குறைய வழியே விடாத குற்ற வகை. 364 நாள் என்று எழுதியிருந்தால் அந்த வலையில் விழுந்திருக்க மாட்டார். அந்த ஒரு நாளின் எடை அந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, அல்லது யாரும் கவலைப்படவில்லை.

செய்த தப்பை அவர் மறைப்பதில்லை. "திருட்டுக் கார்னு தெரிஞ்சுதான் ஏறினேன் லாயர்" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். தப்புக்குச் சிறை அனுபவித்தாயிற்று. அதன் பிறகு நடந்ததுதான் என் துறைக்கு உட்பட்டது. சட்டத்தின் கண்ணில் நாடு கடத்தல் தண்டனை கிடையாது, 'சிவில்' நடவடிக்கை. அதனால் கையில் காசில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீலும் கிடையாது.

இவர்கள் ஏன் அமெரிக்காவுக்கு வந்தார்கள் என்பதைக் குடியேற்ற நீதிபதி கேட்க வேண்டிய அவசியமில்லை. நாம் கேட்கலாம். 1969 மார்ச்சில் நிக்சன் அரசு கம்போடியாவின் மேல் ரகசியமாகக் குண்டு போடத் தொடங்கியது. நாடாளுமன்றத்துக்கே மறைத்த தாக்குதல் அது. 1973 ஆகஸ்ட் வரை குண்டுவீச்சு நீண்டது. லாவோஸில் 1964 முதல் 1973 வரை சுமார் 5,80,000 முறை விமானங்கள் பறந்து, 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளைக் கொட்டின. தலைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் வரலாற்றிலேயே அதிகம் குண்டு வாங்கிய நாடு அதுதான். அங்கே அமெரிக்கப் படை வெளிப்படையாக இறங்கவில்லை. சி.ஐ.ஏ. பணமும் ஆயுதமும் கொடுக்க, ஜெனரல் வாங் பாவின் கீழ் ஹ்மோங் மலைவாசிகள் சண்டை போட்டார்கள், மீசை முளைக்காத பையன்கள் உட்பட. 1975-ல் அமெரிக்கா கிளம்பியபோது விமானத்தில் இடம் கிடைத்தது சிலருக்குத்தான். மற்றவர்கள் இரவில் மேகாங் ஆற்றை நீந்திக் கடக்கப் பார்த்தார்கள்.

கம்போடியாவில் 1975 ஏப்ரல் 17-ல் போல் பாட்டின் கம்யூனிஸ்ட் படையான கெமர் ரூஜ் தலைநகர் புனோம்பென்னைப் பிடித்தது. வயதான கம்போடியர் யாரிடம் கேட்டாலும் அந்தக் காலத்தை "மூன்று வருஷம், எட்டு மாதம், இருபது நாள்" என்றுதான் சொல்வார். 17 லட்சம் பேர் அளவுக்குச் செத்தார்கள். லாங் பீச்சில் குடியேறிய கம்போடிய அகதிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. தப்பி வந்து இருபது வருஷம் கழிந்தும் 62 சதவீதம் பேரை அந்த அதிர்ச்சியின் மனநோய் விடவில்லை. குடும்பத்திலோ நட்பிலோ ஒருவரையாவது கொலைக்குப் பறிகொடுத்தவர்கள் 90 சதவீதம். போங் வளர்ந்தது இப்படிப்பட்ட வீட்டில்தான். அப்பா பேச மாட்டார், அம்மா இரவில் தூங்க மாட்டார். பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்வது எட்டு வயதுப் பையனின் வேலை.

அகதிகளை அரசு குடியமர்த்திய இடங்களில் பெரும்பாலானவை வாடகை குறைவான இடங்கள். ஸ்டாக்டன், லாங் பீச், ஃபிரெஸ்னோ, பிராங்ஸ், லோவல். துப்பாக்கியும் கிராக் போதைப்பொருளும் ஏற்கெனவே குடியிருந்த தெருக்கள். 1989 ஜனவரி 17 அன்று ஸ்டாக்டனின் கிளீவ்லேண்ட் தொடக்கப்பள்ளி மைதானத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து சுட்டதில் ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். நால்வர் கம்போடியக் குழந்தைகள், ஒன்று வியட்நாமியக் குழந்தை. கொலைக்களத்திலிருந்து ஓடி வந்த பெற்றோர்கள் சவப்பெட்டியைத் தூக்கியது கலிஃபோர்னியாவில். இந்தத் தெருக்களில் பையன்கள் கூட்டம் சேர்ந்தது முதலில் அடி வாங்காமல் வீடு போய்ச் சேரத்தான். பிறகு அந்தக் கூட்டங்களே அடித்தன. இரண்டையும் சொல்ல வேண்டும்.

1995 ஏப்ரலில் ஓக்லஹோமா நகர அரசுக் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தவன் அமெரிக்காவிலேயே பிறந்து, அமெரிக்க ராணுவத்திலேயே பணியாற்றியவன். அதன் சூட்டில் 1996 ஏப்ரலில் நிறைவேறிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும், செப்டம்பரில் வந்த குடியேற்றச் சட்டமும் வந்து விழுந்தது கிரீன் கார்டு வைத்திருந்தவர்கள் தலையில். 1988-ல் 'அக்ரவேட்டட் ஃபெலனி' என்ற சொல் சட்டத்துக்குள் வந்தபோது கொலை, போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் கடத்தல் என்று பட்டியல் சின்னதாக இருந்தது. 1996-க்குப் பிறகு ஒரு வருஷத் தண்டனை பெற்ற சாதாரணத் திருட்டும் அதில் சேர்ந்தது. நிறுத்தி வைத்த தண்டனையும் முழுதாகக் கணக்கில் வரும். பழைய வழக்குகளுக்கும் பொருந்தும். முன்பெல்லாம் குடும்பம், வேலை, திருந்திய வாழ்க்கை எல்லாவற்றையும் தராசில் வைத்து "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று நீதிபதி சொல்ல முடிந்தது. அந்தத் தராசை இத்தகைய வழக்குகளில் பிடுங்கிக்கொண்டார்கள். அப்பீலுக்கு வருகிறவர்களிடம் நான் இதை விளக்கும்போது முதலில் யாரும் நம்புவதில்லை. "நீதிபதிகிட்ட நான் நேர்ல பேசினா?" என்பார்கள். பேசலாம். கேட்டுவிட்டு, வருத்தம் தெரிவித்துவிட்டு, உத்தரவைப் போடுவார்.

போங்குக்கு 2000-ல் உத்தரவு வந்தது. அனுப்ப முடியவில்லை, கம்போடியா ஏற்கவில்லை. அதற்காக வெளியே விடவுமில்லை. அவரைப் போலவே அடைபட்டிருந்தவர் கிம் ஹோ மா. ஏழு வயதில் அகதியாக வந்து, பதினேழு வயதில் ஒரு துப்பாக்கிச்சூட்டு வழக்கில் சிறை சென்றவர். அவர் வழக்கும் சாட்விடாஸ் என்பவரின் வழக்கும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போயின. அனுப்ப வழியில்லாதவரைக் காலவரையின்றி அடைத்து வைக்க முடியாது, ஆறு மாதம் தாண்டினால் அரசு காரணம் காட்ட வேண்டும் என்று 2001 ஜூன் 28-ல் தீர்ப்பு வந்தது. போங் வெளியே வந்தார். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2002 மார்ச்சில் கம்போடியா திருப்பி ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வென்ற வழக்கின் பலன் அத்தனை சின்ன ஆயுளோடு இருந்தது.

வியட்நாமியர்களுக்கு வேறொரு தேதி. 1995 ஜூலை 12, இரு நாடுகளும் உறவைப் புதுப்பித்த நாள். அதற்கு முன் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை என்று 2008 ஒப்பந்தம் சொன்னது. போரில் அமெரிக்காவின் பக்கம் நின்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தத் தேதியின் நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். 2020 நவம்பரில் போட்ட இன்னொரு ஒப்பந்தம் அந்த நிழலையும் எடுத்துவிட்டது. லாவோஸ் பல வருஷம் பெரும்பாலும் யாரையும் ஏற்கவில்லை. 2025 ஜூனில் அமெரிக்காவின் விசாக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அந்த நாட்டின் பெயர் வந்தது. அதே வருஷம் ஹ்மோங், லாவோ குடும்பங்களிலிருந்து ஆட்களை ஏற்றிய விமானங்களும் கிளம்பின. இந்தத் தேதிகள் எதிலும் என் கட்சிக்காரர்கள் புதிதாக ஒரு தப்பும் செய்யவில்லை. 1998-லிருந்து இந்த மூன்று நாட்டு அகதிகளில் 15,000-க்கும் மேற்பட்டோருக்கு வெளியேற்ற உத்தரவு போயிருக்கிறது. பெரும்பாலானவை பழைய குற்றவழக்குகளால் வந்தவை.

குடியுரிமை வாங்கியிருந்தால் இதெல்லாம் இல்லையே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அந்நாளில் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை சேர, அப்பா அம்மா சேர்ந்து வாழும் வீட்டில், பதினெட்டு ஆகும் முன் இருவருமே குடிமக்கள் ஆகியிருக்க வேண்டும். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். ஹ்மோங் போர்வீரர்களுக்கு அந்த ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குத் தரும் சட்டம் வந்ததே 2000-ல், போர் முடிந்து கால் நூற்றாண்டு கழித்து. ஒரு பெற்றோர் குடிமகனானால் போதும் என்ற மாற்றம் 2001 பிப்ரவரி 27-ல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குப் பதினெட்டு முடிந்தவர்களுக்கு அது கிடையாது. மறுபடி பாருங்கள், காகிதத்தில் வயது கூட்டிப் போடப்பட்டவருக்கு ஜனவரி 1 எங்கே வந்து நிற்கிறது என்று.

எதிர்த்துப் போராட வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எல்லாம் சந்து வழிகள். மாநில கவர்னரின் முழு மன்னிப்பு கிடைத்தால் பல குற்றங்களின் நாடு கடத்தல் விளைவு நீங்கும், போதைப்பொருள் போன்ற சில வழக்குகளுக்கு நீங்காது. அப்படி மன்னிப்பு பெற்றுக் கம்போடியாவிலிருந்து திரும்பி வந்தவர்களும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படலாம் என்று வக்கீல் எச்சரித்தே ஆக வேண்டும் என்று 2010-ல் பாடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைப் போட்ட ஹோண்டுராஸ்காரர் வியட்நாம் போரில் அமெரிக்கச் சீருடையில் இருந்தவர். ஆனால் அந்தத் தீர்ப்பு பழைய வழக்குகளுக்குச் செல்லாது என்று 2013-ல் கதவைச் சாத்தினார்கள். கலிஃபோர்னியாவில் 2017 முதல் இன்னொரு கதவு இருக்கிறது. விளைவைப் புரிந்துகொள்ளாமல் ஒப்புக்கொண்ட பழைய தண்டனையை ரத்து செய்யக் கேட்கலாம். "குடியேற்ற விளைவுகள் இருக்கலாம்" என்று நீதிபதி ஒரு வரி வாசித்தாரே என்று அரசுத் தரப்பு சொல்லும். மூச்சு விடாமல் வாசித்த அந்த வரி பதினாறு வயதுப் பையனுக்கு என்ன சொல்லியிருக்கும் என்பதைக் காட்டுவது என் வேலை. வெளியேற்ற உத்தரவோடு வெளியே இருந்தபடி ஆண்டுக்கொரு முறை குடியேற்ற அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனவர்களை அப்படியே பிடித்துக்கொள்வது வழக்கமானபோது கம்போடியர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, முன்னறிவிப்பாக 14 நாள் தர வேண்டும் என்ற உத்தரவை 2019-ல் வாங்கினார்கள். பதினாலு நாளில் ஒரு வக்கீல் நிறையச் செய்யலாம்.

இதைப் படிக்கும் தமிழர்கள் பலர் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள். அகதிகள் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று தோன்றலாம். 1996 சட்டத்தில் அகதி, இன்ஜினியர் என்ற பேதமில்லை. கடையில் சின்னத் திருட்டு, வீட்டுச் சண்டையில் 911 அழைப்பு, அண்டை வீட்டாரோடு கைகலப்பு என்று எது வந்தாலும், குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். "வகுப்புக்குப் போனால் கேஸ் தள்ளுபடி" என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு அதில் சேர்ந்தால், மாநிலம் தள்ளுபடி செய்த பிறகும் குடியேற்றச் சட்டத்துக்கு அது தண்டனைதான். தகுதி வந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள், அது கிடைத்ததும் பதினெட்டு ஆகாத பிள்ளைக்கும் உடனே அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசு வரவில்லை என்று இழுத்தடிக்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அது அவரவர் மனசு. ஆனால் கிரீன் கார்டை நிரந்தரம் என்று நினைக்காதீர்கள், பெயரில் 'பெர்மனன்ட்' இருந்தாலும்.

பழைய தண்டனையை ரத்து செய்யக் கேட்கும் போங்கின் மனுவுக்காக அவர் அம்மாவிடம் பிரமாண வாக்குமூலம் எடுத்தோம். மொழிபெயர்ப்பாளர் கேட்டார், பையன் எப்போது பிறந்தான்? அந்த அம்மா யோசிக்கவே இல்லை. மழை பிடித்துக்கொண்டிருந்தது, முகாமுக்கு வரும் தண்ணி லாரி சேற்றில் மாட்டி இரண்டு நாள் வரவில்லை, பிள்ளையைக் குளிப்பாட்ட ஓலைக் கூரையிலிருந்து ஒழுகியதைப் பிடித்தேன் என்றார். மாதம்? தெரியாது. தேதி? தெரியாது. லாரி டிரைவரின் முகம் ஞாபகம் இருக்கிறது என்றார். அப்படியே எழுதித் தாக்கல் செய்தேன், தண்ணி லாரி உட்பட.

அரசுத் தரப்பு அவகாசம் கேட்டது. வாய்தா ஜனவரிக்குப் போயிருக்கிறது. தேதியைக் குமாஸ்தா வாசித்ததும் போங் என் பக்கம் சாய்ந்து, "முதல் தேதி இல்லையே லாயர்?" என்றார்.