ரிசர்வ் தணிக்கை: மண்ணுக்குள் கிடப்பதில் எவ்வளவு தேறும்?

எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் 'ரிசர்வ்' என்ற சொல்லைத் தமிழில் 'இருப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். திருநெல்வேலி கடைத்தெருவில் இருப்பு என்றால் குடோனில் அடுக்கிய மூட்டை, எண்ணிவிடலாம். எண்ணெய் ரிசர்வை அப்படி எண்ண வழியில்லை. அது கணிப்பு.

சொல்லின் வேர் லத்தீன் 'ரெசர்வாரே': பின்னால் வேண்டுமென்று காத்து வைத்தல். ரயில் ரிசர்வேஷன், ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லாம் அந்த வேர்தான். எண்ணெய்த் தொழிலில் பொருள் குறுகிவிட்டது. கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும், எடுக்க முடிய வேண்டும், எடுத்தால் காசு மிஞ்ச வேண்டும், இதுவரை எடுத்ததைக் கழித்த மீதியாக இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ரிசர்வ் இல்லை.

களக்காடு, ஏர்வாடிப் பக்கம் புளியமரம் குத்தகைக்கு எடுப்பவரிடம் மரக்காரர் கேட்பது, "எவ்வளவு தேறும் அண்ணாச்சி?" மரத்தில் எவ்வளவு காய் என்பது வேறு கேள்வி. நுனிக்கொம்பில் ஆள் ஏற முடியாதது போக, கிளி கடித்தது போக, ஓடும் கொட்டையும் நாரும் போக நிற்பதுதான் தேறுவது. உலுக்கும் கூலி புளி விலையைத் தாண்டினால் காய் மரத்திலேயே கிடக்கும், தேறுவது பூஜ்யம். ரிசர்வ் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை: தேறும் இருப்பு. சேறு அடங்கித் தெளியும் 'தேறல்', கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டை எல்லாம் இந்தச் சொல்லின் உறவுகள். 509ஆம் குறளில் 'தேறும் பொருள்' என்றே வருகிறது. ஆராய்ந்த பின் நம்பத்தக்கது என்று அங்கே பொருள். தணிக்கைக்கும் ஒத்துவருகிறது.

கணக்கு இப்படி ஓடும். 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 மீட்டர் கனத்துக்கு எண்ணெய் ஊறிய மணற்கல் என்று வைத்துக்கொள்வோம். பாறை 2 கோடி கன மீட்டர். அதில் துளைவெளி 20 சதவீதம், அதாவது 40 லட்சம். துளையில் 30 சதவீதம் தண்ணீர் பிடித்திருந்தால் எண்ணெய் 28 லட்சம். மேலே வரும்போது கரைந்திருந்த வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும், 1.25ஆல் வகுத்தால் 22.4 லட்சம் கன மீட்டர். பீப்பாய்க்கு 159 லிட்டர் வீதம் சுமார் 1.41 கோடி பீப்பாய். இது மண்ணுக்குள் கிடப்பது. எடுப்பு விகிதம், அதாவது கிடப்பதில் வெளியே எடுக்க முடிகிற பங்கு, 25 சதவீதம் என்றால் தேறுவது 35 லட்சம் பீப்பாய். அதையே 35 சதவீதம் என்று எழுதினால் 49 லட்சம். கூடுதலாக ஒரு கிணறுகூடத் தோண்டவில்லை, 14 லட்சம் பீப்பாய் முளைத்துவிட்டது.

ஆகவே ஒரே எண் சொல்வதில்லை. கிடைக்க 90 சதவீத வாய்ப்புள்ள அளவு 1பி, 50 சதவீதம் 2பி, 10 சதவீதம் 3பி.

'ஆடிட்' லத்தீனில் காதால் கேட்டல். கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்ட காலத்துச் சொல். நாம் சொல்லும் 'தணிக்கை' உருது வழி வந்த அரபுச் சொல். இலங்கையில் 'கணக்காய்வு' என்கிறார்கள், நல்ல சொல்.

தேறும் இருப்பை ஆய்பவர் நிறுவனத்தின் எண்களை ஒப்புக்கொள்வதற்கு முன் கிணற்றுப் பதிவையும் (கிணற்றுக்குள் கருவி இறக்கி ஆழவாரியாக அளந்த குறிப்பு) பாறை மாதிரியையும் தானே படிக்க வேண்டும். எண்ணெய் தராத களிமண் அடுக்கையும் சேர்த்துக் கனத்தைக் கூட்டுவது வழக்கமான தவறு. எண்ணெய் முடிந்து தண்ணீர் தொடங்கும் ஆழத்தை எந்தக் கிணறும் தொடாமலேயே கீழே தள்ளி வரைவது இன்னொன்று. பக்கத்து எண்ணெய் வயலின் எடுப்பு விகிதத்தை அப்படியே கடன் வாங்குவதும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வயலென்றால் ஏமாற்றுவது கடினம்: மாதாமாத உற்பத்தி சரியும் கோட்டை நீட்டிப் பார்த்தாலே மீதி தெரியும். கடைசியில் நிறுவனத்தின் மொத்தமும் ஆய்வாளரின் மொத்தமும் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் 'நியாயமானது' என்று கையெழுத்து. மொத்தம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வயலில் கூட்டியதும் மற்றொன்றில் குறைத்ததும் ஒன்றை ஒன்று மறைத்துவிடலாம். ஆய்வாளரின் கூலி முடிவைப் பொறுத்து மாறக்கூடாது.

2004 ஜனவரியில் ஷெல் எண்ணெய் நிறுவனம் 390 கோடி பீப்பாயை, தன் உறுதியான (1பி) கணக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை, உறுதி குறைந்த வேறு வகைக்கு மாற்றியது. மண்ணுக்குள் ஒரு சொட்டும் குறையவில்லை. தேறும் என்று எழுதியது தேறவில்லை. அங்கே உள் தணிக்கையைப் பார்த்தவர் ஒரே ஆள், அதுவும் பகுதி நேரம்.

எழுதும்போது மூன்றையும் பிரித்துச் சொன்னால் குழப்பம் தீரும்: மண்ணுக்குள் இருப்பதெல்லாம் 'உள்ளிருப்பு', ரிசர்வ் 'தேறும் இருப்பு', அதன் ஆடிட் 'தேறும் இருப்பு ஆய்வு'. அறிக்கை கையில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எந்தத் தேதிக்கு, எந்த விலைக்கு என்பது. அமெரிக்கப் பங்குச்சந்தை விதியில் 12 மாதங்களின் முதல் நாள் விலைகளின் சராசரி எடுப்பார்கள். பிறகு, ஆய்வாளர் எண்களைத் தானே போட்டாரா, நிறுவனம் போட்டதைச் சரிபார்த்தாரா, கணக்குப் போடும் முறையை மட்டும் பார்த்தாரா என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.