ஸ்பிரைட்: ஆவியா, பாவையா?

அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறையில் கணினி விளையாட்டு செய்யக் கற்றுத்தரும் தமிழ்க் காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்போது யானையின் ஆவியைத் தேர்ந்தெடுத்து வலப்பக்கம் நகர்த்துங்கள்" என்றது அதில் வந்த குரல். அவள் திரும்பி என்னிடம் கேட்டாள்: "மாமா, யானை எப்போ செத்துச்சு?"

குழந்தை கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் குரல் ஆவி என்றது ஆங்கிலத்தில் 'ஸ்பிரைட்' எனப்படுவதை; கணினித் திரையில் பின்னணியைத் தொடாமல் தனியே நகர்த்தக்கூடிய சிறு உருவம் அது. பழைய வீட்டுக் கணினிகள் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் 'கொமடோர் 64-இல் எட்டு ஆவிகள் உண்டு' என்று ஏற்கெனவே படித்திருக்கிறேன். இன்னொன்றில் அதே எட்டும் தேவதைகள். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு நீளமான கதை இல்லை. லத்தீனில் 'ஸ்பிரிட்டுஸ்' என்றால் மூச்சு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போய், காட்டிலும் நீரிலும் திரியும் குறும்புத் தேவதையைக் குறிக்கும் 'ஸ்பிரைட்' ஆனது. 1970களின் இறுதியில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த டிஎம்எஸ் 9918 என்ற படச் சில்லின் வழியே கணினிக்குள் பரவியது. அவ்வளவுதான்.

பொருள்தான் முக்கியம். கொமடோர் 64 வந்தது 1982இல். அதன் செயலி ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ் வேகம். திரைக்கு 320க்கு 200 புள்ளிகள். அந்தப் படம் மட்டுமே 8,000 பைட்டுகளைப் பிடிக்கும். ஒரு பலூன் வானத்தில் மிதக்க வேண்டும் என்றால், ஒவ்வோர் அசைவுக்கும் பழைய இடத்தை அழித்து, அங்கே இருந்த மேகத்தைத் திரும்ப வரைந்து, புது இடத்தில் பலூனைப் போட வேண்டும். அந்த வேகத்துக்கு அது பெரும் பாடு. அதனால் அந்தக் கணினியில் திரைக்குப் படம் அனுப்பும் விக்-2 சில்லு பலூனைப் பின்னணியோடு சேர்க்காமல் தனியே வைத்துக்கொண்டது. தொலைக்காட்சியில் ஒவ்வொரு வரியும் வரையப்படும்போதே இரண்டையும் கலந்து காட்டியது. நினைவகத்தில் இருக்கும் வானத்தை யாரும் தொடுவதில்லை.

அதைச் செய்யும் விதத்தையும் பார்த்துவிடுவோம். கட்டம் போட்ட தாளில் 24 கட்டம் அகலம், 21 வரிசை உயரம். வேண்டிய கட்டங்களைக் கறுப்பாக்க வேண்டும். வரிசைக்கு எட்டு எட்டுக் கட்டமாக மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டிலும் கட்டங்களின் மதிப்பு இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நடு நான்கு கட்டம் மட்டும் கறுப்பு என்றால் 32, 16, 8, 4 சேர்ந்து 60. இப்படித் துண்டுக்கு ஒன்றாக 63 எண்கள் எழுதி முடித்தால் ஓர் உருவம் தயார். அந்த எண்களை நினைவகத்தின் 832ஆம் இடத்திலிருந்து நிரப்பி, 'போக் 2040,13' (2040ஆம் இடத்தில் 13ஐப் போடு என்ற கட்டளை) என்று தட்டினால், 13 பெருக்கல் 64, அதாவது 832இல் இருக்கும் உருவத்தைச் சில்லு எடுத்துக்கொள்ளும். 53248இலும் 53249இலும் உருவம் நிற்க வேண்டிய இடத்தைக் கொடுத்து, 53269இல் 1 போட்டால் உருவம் திரைக்கு வரும். 53248இல் உள்ள எண்ணை மாற்றினால் பக்கவாட்டில் நகரும். அப்புறம் 14 பெருக்கல் 64, அதாவது 896ஆம் இடத்திலிருந்து கால் மடக்கிய உருவம் ஒன்றை வைத்து, 2040இல் 13, 14, 13, 14 என்று மாற்றிக்கொண்டே இருந்தால் அது நடக்கத் தொடங்கிவிடும்.

இதில் ஆவி எங்கே இருக்கிறது?

'ஆவி'க்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. தமிழில் ஆவி என்பதற்கும் மூச்சு என்று பொருள் இருக்கிறது, ஆகவே லத்தீன் வேரோடு அச்சாகப் பொருந்துகிறது என்பார்கள். வேர் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் நாம் மொழிபெயர்ப்பது வேரை அல்ல, பொருளை. 'அனிமேஷன்' என்ற சொல்லும் மூச்சு, உயிர் என்று பொருள்படும் லத்தீன் 'அனிமா'விலிருந்து வந்ததுதான். வேரையே பிடித்துக்கொண்டு போனால் 'ஸ்பிரைட் அனிமேஷன்' என்பதை 'ஆவிக்கு ஆவியூட்டல்' என்று எழுத வேண்டி வரும். இன்றைய காதுக்கு ஆவி என்றால் பேய், இல்லையென்றால் இட்லிப் பானையின் நீராவி. அதைவிடப் பெரிய தவறு, பொருளே தலைகீழாகப் போய்விடுவது. உடல் போனபின் மிஞ்சுவதைத்தான் ஆவி என்கிறோம். ஸ்பிரைட்டோ வெறும் உடல், வெறும் உரு, 63 பைட்டு. உயிர் இருப்பதாகத் தோன்றச் செய்வது அதை இயக்கும் ஆள்.

'நகர்படம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் காணொளியோடு குழம்பும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் ஸ்பிரைட்டும் ஸ்பிரைட்தானே. விக்-2 சில்லின் தொழில்நுட்பத் தாளில் இதற்குப் பெயர் 'மூவபிள் ஆப்ஜெக்ட் பிளாக்'. நகர்த்தத்தக்கது என்றுதான் சொன்னார்கள், நகர்வது என்று சொல்லவில்லை. அட்டாரிக்காரர்கள் தங்கள் கணினிகளில் 'பிளேயர்', 'மிசைல்' என்று வைத்தார்கள். ஆக, செய்தவர்களுக்குள்ளேயே ஒரே பெயர் இல்லை. டெக்சாஸில் யாருக்கோ தேவதை நினைவுக்கு வந்ததற்காக நாம் ஏன் பேயைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

நான் சொல்வது 'பாவை'. தோற்பாவைக்கூத்தில் திரைத்துணி வேறு, பாவை வேறு. பாவை நகரும்போது துணியை யாரும் திரும்ப வரைவதில்லை. கம்பராமாயணம் பாடி ஆடும் பாலக்காட்டுப் பக்கக் கூத்தில் ஒரே பாத்திரத்துக்கு நிற்கும் பாவை, உட்கார்ந்த பாவை, போர் செய்யும் பாவை என்று தனித்தனியாக உண்டு. காட்சி மாறினால் பாவையை மாற்றுவார்கள். 13ஐ 14ஆக மாற்றுவதும் அதே வேலைதான். 1020ஆம் குறளில் 'மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று' என்று வருகிறது. கயிற்றால் இயங்கும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குகிறதாம். ஸ்பிரைட் அசைவூட்டத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

அகராதியைத் திறந்து முதல் வரியில் கிடைப்பதை எடுத்துப் போடும் பழக்கம்தான் இத்தனைக்கும் காரணம். 'மவுஸ்' என்பதற்கு நமக்குச் 'சுட்டி' கிடைத்தது, கையில் பிடித்துத் திரையில் எதைச் சுட்டுகிறோம் என்று யாரோ யோசித்ததால்தான். அதே ஆள் அகராதியோடு நின்றிருந்தால் இன்று நாம் எலியைப் பிடித்துக்கொண்டிருப்போம். மொழிபெயர்ப்பவர்கள் அந்தப் பொருளை ஒரு தடவையாவது கையால் செய்து பார்க்க வேண்டும். கட்டத் தாளில் ஒரே ஒரு பலூன் போட்டுப் பார்த்தவர் 'ஆவி' என்று எழுதவே மாட்டார். சரி, 'ஸ்பிரைட்' என்றே விட்டுவிடலாமே என்றால், நம் ஊரில் அது குளிர்பானம்.

பாவையிலிருந்து மற்றவையும் தானாக வரும். பல நிலைகளை ஒரே படத்தில் அடுக்கி வைத்தால் பாவைத்தாள். இரண்டு உருவம் முட்டிக்கொண்டால் பாவை மோதல். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் மாதிரி, சில்லின் துணை இல்லாமல் நிரலே அழித்து வரையும் கணினிகளில் மென்பாவை. பொதுவான பாவையோடு குழம்பும் இடத்தில் மட்டும் திரைப்பாவை என்று எழுதினால் போதும்.