ஸ்டோன்வாலிங்: பிடிகொடாமை

கேட்ட ஆவணத்தைத் தராமலும், தர முடியாது என்று காரணத்தோடு முடித்துச் சொல்லாமலும், கேட்பவர் ஓயும்வரை நாள் கடத்தும் அரசியல்வாதியின் போக்கை ஆங்கிலத்தில் ‘ஸ்டோன்வாலிங்’ என்பர். கற்சுவராக நிற்றல் என்பது நேர்ப்பொருள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 ஜூலையில் நடந்த முதல் புல் ரன் சமரில் ‘கற்சுவர்’ என்று பட்டம் பெற்ற தளபதி ஜாக்சனோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. ஆயினும் வினைச்சொல்லாக இது வேரூன்றியது கிரிக்கெட்டிலும் ஆஸ்திரேலியச் சட்டமன்ற அரசியலிலும்தான். ஓட்டம் எடுக்க முயலாமல் பந்தைத் தடுத்துக்கொண்டே நிற்கும் மட்டையாளரையும், பேசிப் பேசியே மசோதாவை முடக்கும் உறுப்பினரையும் 19ஆம் நூற்றாண்டிலேயே இது குறித்தது.

ஆவணம் தர மறுத்தல் என்ற பொருளை உலகறியச் செய்தது, எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலில் தங்களுக்கிருந்த தொடர்பை அமெரிக்க ஆட்சியாளர்கள் மறைக்க முயன்ற வாட்டர்கேட் விவகாரம். 1973 மார்ச் 22 அன்று அதிபர் நிக்சன் இதே வினைச்சொல்லால் தம் கூட்டாளிகளுக்கு இட்ட கட்டளை, வெள்ளை மாளிகையில் அவரே பொருத்தச் செய்திருந்த கருவியில் பதிவாகிவிட்டது. ஒலிநாடாக்களைத் தர மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போராடிய அவருக்கு எதிராக 1974 ஜூலை 24 அன்று எட்டு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவி விலகினார்.

இதை வைத்து, தர மறுப்பவரெல்லாம் குற்றவாளி என்று முடிவுகட்ட இயலாது. கைவசமுள்ள சான்றை ஒருவர் காட்டாவிட்டால் அது அவருக்குப் பாதகமானது என நீதிமன்றம் ஊகிக்கலாம். ஊகித்தே ஆக வேண்டும் என்பதில்லை. அமெரிக்க அதிபர் ஒபாமாவின் முழுப் பிறப்புச் சான்றிதழ் வெளிவராததை வைத்து, அவர் அமெரிக்காவில் பிறக்கவில்லை என்று பல ஆண்டுகள் கதை கட்டினர். 2011 ஏப்ரலில் அது வெளியானபோது, அவர் அமெரிக்க மாநிலமான ஹவாயில் பிறந்தார் என்ற பழைய செய்தியே அதிலும் இருந்தது.

தமிழில் இதற்கு ‘மூடிமறைப்பு’ என்று எழுதுவது பிழை. அச்சொல் உள்ளே குற்றம் இருப்பதாக முன்கூட்டியே தீர்ப்புக் கூறிவிடுகிறது. ‘மழுப்பல்’ என்பதும் ஒட்டாது, ஏனெனில் மழுப்புகிறவர் ஏதேனும் ஒரு பதிலாவது சொல்கிறார். ‘கல்லுளிமங்கத்தனம்’ மிக நெருங்கி வருகிறது, கல்லும் உள்ளே இருக்கிறது; ஆனால் அதன் ஏளனம் செய்தி நடைக்கு ஆகாது. ‘பிடிகொடாமை’ என்பதே என் தேர்வு. ‘சொத்து விவரம் கேட்டதற்கு அமைச்சர் பிடிகொடுக்கவில்லை’ என்று எழுதினால், மௌனமும் தாமதமும் சாக்குப்போக்கும் அதில் அடங்கும். விவரத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்வதில்லை.