மிச்சம் பிடிக்க வேண்டியது தரையில், ஆட்டின் வாயில் அல்ல

சாயல்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் போன வாரம் பார்த்த கிடா, இந்தக் கோடையில் எனக்கு ஆறாவது. கோயிலுக்கு நேர்ந்துவிட்டது, தவிடும் அரிசியும் போட்டு ஆசையாக வளர்த்திருந்தார்கள். முதுகை வளைத்து, வாலை ஆட்டி ஆட்டி முக்கிக்கொண்டிருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்து இரண்டு நாளாக விளக்கெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். குறிமுனை மயிரில் உப்புப் பொடி போல வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரில் கல். மூத்திரப்பை ஏற்கெனவே வெடித்துவிட்டது. நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தண்ணீர் எப்போது வைப்பீர்கள் என்று கேட்டேன். "காலையில் ஒரு சட்டி காட்டுவோம் டாக்டர். நாங்களே வண்டி தள்ளிப் போய்க் குடம் குடமாகத்தானே கொண்டுவருகிறோம்" என்றார் அந்த அம்மா. அவரை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அதே நேரத்தில் அவர் மகன் மாட்டுக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தான். மூன்று குடம் நல்ல தண்ணீர் சாணியோடு சாணியாக வாசலில் ஓடியது. மாட்டுத் தொட்டியில் கிடந்ததோ போர்வெல் உப்புத் தண்ணீர்.

இதைத்தான் ஊர் ஊராகப் பார்க்கிறேன். நல்ல தண்ணீர் தரைக்கு, உப்புத் தண்ணீர் வாய்க்கு. தயவுசெய்து இதைத் தலைகீழாக மாற்றுங்கள்.

"குறைத்துக் கொடுத்தால் ஆடு பழகிக்கொள்ளும்" என்கிறார்கள். பழகாது. தாகம் எடுத்த ஆடு முதலில் தீனியைக் குறைக்கும், பிறகு பாலைக் குறைக்கும், மூத்திரம் கெட்டிப்பட்டுக் கல் சேரும். நீங்கள் பழக்கம் என்று நினைப்பது அதன் உடம்பு வற்றுவதை. "தழையிலேயே தண்ணீர் இருக்கிறதே" என்பது இன்னொரு பேச்சு. கார்த்திகையில் பச்சை மேயும்போது சரி. வைகாசியில் காய்ந்த புல்லிலும் சீமைக்கருவேலங்காயிலும் என்ன தண்ணீர் இருக்கிறது? வெயில் காலத்தில் ஒரு வெள்ளாட்டுக்கு நாளைக்கு நாலைந்து லிட்டர் வேண்டும், பால் கொடுக்கிற ஆட்டுக்கு இன்னும் கூடுதலாக. கறவை மாட்டுக்கு 60 லிட்டர் கூடப் போதாமல் போகும். பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தான். தொட்டியில் குறைத்தால் கறவையில் குறையும்.

மிச்சம் பிடிக்க இடம் இல்லாமல் இல்லை. சாணியைத் தண்ணீர் விட்டுத் தள்ளாதீர்கள். முதலில் மண்வெட்டியால் வழித்து, துடைப்பத்தால் கூட்டுங்கள். பிறகு உப்புத் தண்ணீர் இரண்டு வாளி போதும். அந்தக் கழிவுநீர் தெருவுக்குப் போக வேண்டாம், வாய்க்கால் வெட்டித் தென்னைக்கு விடுங்கள். குடிநீர்த் தொட்டியை வெயிலில் வைத்தால் கொஞ்சம் ஆவியாகும், மீதி சூடேறும், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். நிழலுக்கு மாற்றுங்கள், விரிசலுக்குச் சிமெண்ட் பூசுங்கள். குழாயில் மிதவை வால்வு போட்டால் வழிந்தோடாது.

கொட்டகைக் கூரையை மறந்துவிடுகிறோம். 20 அடிக்கு 10 அடித் தகரக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 180 லிட்டருக்கு மேல் விழும், பன்னிரண்டு குடம். ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு தகர வாரியும் மூடியுள்ள டிரம்மும் தயாராக இருக்கட்டும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நாள் முழுக்கக் காய்ந்த மாட்டை ஒரே மூச்சில் தொட்டி நிறையக் குடிக்கவிடாதீர்கள், விட்டுவிட்டுக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் மட்டுமே கிடைக்கிற வீட்டில் தீவனத்தில் மேலும் உப்பு சேர்க்க வேண்டாம். வேறு வழியில்லாமல் அதையே கொடுப்பவர்கள் ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கல் சேராமலிருக்க, கிடாவுக்கு வெறும் தவிடாகப் போடாதீர்கள். அது முக்கினால் எண்ணெய் பாட்டிலைத் தேடாமல் மூத்திரம் போகிறதா என்று முதலில் பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ அன்றைக்கே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு அழையுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கி வாருங்கள். முதல் நாளிலேயே வந்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.